கடன் திட்ட விரிதாள்களில் பிழையைத் தடுப்பது எப்படி? ஐந்தொகை சமன்பட்டும் டிஎஸ்சிஆர் (கடன் அடைக்கும் திறன் விகிதம்) தவறிய ஒரு கோப்பு பற்றி

பேரேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நூற்பாலைகளுக்கும் சிறு பொறியியல் தொழிற்கூடங்களுக்கும் வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையும் சிஎம்ஏ தரவும் (கடன் மதிப்பீட்டுக்காக வங்கி கேட்கும் நிதிக் கணிப்புப் படிவங்கள்) தயாரித்துத் தரும் அலுவலகம் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நான் சரிபார்த்துக் கையொப்பத்துக்கு அனுப்பிய கோப்பில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் வங்கியின் கடன் அதிகாரி. பிழை நுழைந்ததில் எனக்கு வியப்பில்லை. எங்கள் சோதனைகள் அத்தனையையும் தாண்டி அது வங்கி மேசை வரை போனதுதான் உறுத்துகிறது.

ஆலை விரிவாக்கத்துக்கு 12 கோடி ரூபாய் தவணைக் கடன். ஓராண்டு மொராட்டோரியம் (தவணை கட்ட வேண்டாத காலம்) போக, ஆறு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது, கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதற்கு 2.40 கோடி ரூபாயில் இரண்டாவது கடன் ஒன்றையும் சேர்க்கும்படி வாடிக்கையாளர் கேட்டார். எங்கள் உதவியாளர் கடன் அட்டவணையைச் சரியாகவே அமைத்தார். லாப நட்டக் கணக்கில் அதன் வட்டி சேர்ந்தது, ஐந்தொகையில் அதன் நிலுவை சேர்ந்தது. டிஎஸ்சிஆர் தாளில் மட்டும், புதிய கடனுக்கான வரிசையைக் கூட்டல் வீச்சின் (சூத்திரம் கூட்டும் கலங்களின் எல்லை) கடைசி வரிசைக்குக் கீழே செருகியிருந்தார். கூட்டல் சூத்திரம் பழைய வீச்சிலேயே நின்றுவிட்டது. முதல் தவணை ஆண்டில் கடன் கட்டுவதற்குக் கிடைக்கும் தொகை 4.99 கோடி, கட்ட வேண்டியது 3.08 கோடி என்று கொண்டு, விகிதம் 1.62 என அறிக்கை காட்டியது. விடுபட்ட 62 லட்சத்தைச் சேர்த்தால் கட்ட வேண்டியது 3.70 கோடி, விகிதம் 1.35.

ஐந்தொகை சமன்படுகிறதா என்று பார்க்கும் கலம் கடைசிவரை பச்சையாகவே இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நானும் ஒப்புதல் கொடுத்தேன். இத்தகைய பிழைகளைத் தடுக்க உங்கள் அலுவலகங்களில் என்ன வழக்கம் வைத்திருக்கிறீர்கள்? "கவனமாக இருங்கள்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்.

அடிக்குறிப்பு

ஐந்தொகை சமன்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உங்கள் டிஎஸ்சிஆர் தாள் ஐந்தொகைக்கு எதையும் அனுப்புவதில்லை. அங்கிருந்து எண்களை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கிளையில் நடந்த தவறு வேரில் எப்படித் தெரியும்? ஒவ்வொரு கிளைத் தாளுக்கும் தனிச் சோதனை வேண்டும். உங்கள் கோப்பிலேயே இரண்டு சோதனைகள் போதுமாயிருந்திருக்கும். முதலாவது, டிஎஸ்சிஆர் தாளில் உள்ள மொத்தத் தவணை, ஐந்தொகையில் அந்த ஆண்டு கடன் நிலுவை குறைந்த தொகைக்குச் சமமா என்பது. இரண்டாவது, அதே தாளில் உள்ள வட்டி, லாப நட்டக் கணக்கின் தவணைக் கடன் வட்டிக்குச் சமமா என்பது. ஒரே எண்ணுக்கு இரண்டு வழியில் வந்து சேரும்போதுதான் சோதனைக்குப் பொருள் உண்டு. ஒரே வழியில் இரண்டு முறை போனால், பிழையும் இரண்டு முறை கூடவே வரும்.

கூட்டல் வீச்சு நின்றுபோனதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். கட்டுரையாசிரியர்களின் எக்செல் கோப்பில் 30ஆம் வரிசை முதல் 49 வரை போக வேண்டிய சராசரி 44உடன் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டன. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், தம் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2013இல் மறுகணக்குப் போட்டபோது அந்தச் சராசரி 2.2 சதவீதம் என்று வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வீச்சுப் பிழையால் நேர்ந்த வேறுபாடு சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான். மீதியெல்லாம் சில ஆண்டுகளின் தரவை விட்டதாலும் எடை கொடுத்த முறையாலும் வந்தது: நியூசிலாந்தின் 1951 என்ற ஒற்றை ஆண்டுக்கும், பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சராசரியில் ஒரே எடை. கோப்பு மற்றொருவர் கைக்குப் போனதால்தான் இரண்டும் வெளியே தெரிந்தன. பிழையான சூத்திரத்தைத் தேடப் போனவருக்கு விவாதத்துக்குரிய அனுமானமும் கிடைத்தது. நம் தொழிலிலும் கோப்பைத் திறந்து காட்டாமல் அச்சிட்ட தாளை மட்டும் கொடுக்கும் வழக்கத்தை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

ஒரு சிறு கைப்பழக்கம்: கூட்ட வேண்டிய வரிசைகளுக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவே சாம்பல் நிறம் பூசிய வெற்று வரிசை ஒன்றை விடுங்கள், கூட்டல் வீச்சு அந்த வெற்று வரிசையையும் உள்ளடக்கியிருக்கட்டும். யார் புதிய வரிசை செருகினாலும் சாம்பல் கோட்டுக்கு மேலேதான் செருகுவார்கள். வீச்சும் தானாக நீண்டுகொள்ளும்.

நொய்யல்கரை

மேலே உள்ளவை நல்ல யோசனைகள். ஆனால் எங்களைப் போன்றவர்களின் நிலையையும் நீங்கள் அறிய வேண்டும். திருப்பூரில் பின்னலாடை ஜாப் வொர்க் செய்யும் அலகு ஒன்றின் உரிமையாளர் செவ்வாய்க்கிழமை வந்து, வெள்ளிக்கிழமை வங்கியில் கொடுக்க சிஎம்ஏ வேண்டும் என்பார். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, எந்திர விலைப்புள்ளி மாறிவிட்டது என்பார். அவர் கொடுக்கும் கட்டணத்துக்குப் புதிய மாதிரியை (கணிப்பு விரிதாளை) அடியிலிருந்து கட்ட முடியாது. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பை எடுத்து, பெயரை மாற்றி, எண்களை மேலெழுதுவதுதான் நடைமுறை.

அதன் ஆபத்தும் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஒரு சாயப்பட்டறையின் கோப்பிலிருந்து தையல் அலகுக்கு மாதிரி தயாரித்தபோது, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கட்டணம் என்ற வரிசை ஐந்தாண்டுக்கும் அப்படியே தங்கிவிட்டது. தையல் அலகில் ஏது சாயக் கழிவுநீர்? வாடிக்கையாளரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நேரம் இல்லாதவர்களுக்கு ஏற்ற வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம்_நிரல்

நொய்யல்கரை அவர்களுக்கு: பழைய வாடிக்கையாளர் கோப்பை எடுப்பதை இன்றோடு நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, உள்ளீட்டுக் கலங்கள் எல்லாம் காலியாக உள்ள வெற்று மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். உள்ளீடுகள் அனைத்தும் ஒரே தாளில், நீல எழுத்தில் இருக்கட்டும். மற்றத் தாள்களில் தட்டச்சு செய்த எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்போது புதிய கோப்பில் நீங்கள் நிரப்பாத கலம் காலியாகத் தெரியும். மேலெழுதும் முறையிலோ, நீங்கள் மறந்த கலத்தில் வேறொருவருடைய எண் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, ஒரு வரிசைக்கு ஒரே சூத்திரம் என்ற விதி. 84 மாத மாதிரியில் மின்கட்டண வரிசை இருந்தால், முதல் மாதக் கலத்தின் சூத்திரத்தை வலப்புறம் இழுத்தால் 84ஆம் மாதம்வரை அப்படியே பொருந்த வேண்டும். மொராட்டோரியம், விலையேற்றம் போன்ற விதிவிலக்குகளைத் தேதியை வைத்து இயங்கும் ஒன்று அல்லது பூச்சியம் என்ற கொடி வரிசையால் கையாள வேண்டுமே தவிர, நடுவில் சூத்திரத்தை மாற்றக் கூடாது. இதைச் சோதிக்க எக்செல்லிலேயே வழி இருக்கிறது. முதல் கலத்திலிருந்து தொடங்கி வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் பின்சாய்கோட்டை அழுத்துங்கள். முதல் கலத்தின் சூத்திரத்தோடு ஒத்துப்போகாத கலங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். ஒருமுறை நான் இப்படிப் பார்த்தபோது 31ஆம் மாதக் கலம் மட்டும் தனியே நின்றது. உள்ளே சூத்திரம் இல்லை, 18,40,000 என்று எவரோ தட்டச்சு செய்த எண். அந்த மாத மின்கட்டணம் அதிகமாகத் தோன்றியதால் "தற்காலிகமாக" மாற்றியதாகப் பிறகு தெரிந்தது. அந்தத் தற்காலிகம் இரண்டு ஆண்டு நிலைத்திருந்தது.

சூத்திரங்களைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள். என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) சூத்திரம், கொடுத்த முதல் தொகை முதல் காலப்பகுதியின் முடிவில் வருவதாகக் கொள்ளும். இன்று போடும் முதலீட்டையும் அதற்குள் போட்டால் அதுவும் ஓராண்டு தள்ளுபடியாகிவிடும். ஆகவே முதலீட்டை வெளியே வைத்துக் கூட்டுங்கள், அல்லது தேதியோடு கணக்கிடும் எக்ஸ்என்பிவியைப் பயன்படுத்துங்கள். பட்டியலில் தேடி எண் எடுக்கும் வீலுக்அப்பின் நான்காவது இடத்தை எழுதாமலே விட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லையென்றால் தவறான எண்ணைக் கூச்சமின்றித் தரும். ஐஎஃப்எரர் போட்டுப் பிழைகளைப் பூச்சியமாக்குவது, வீட்டில் புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

வங்கிமேசை

நான் மேசையின் மறுபக்கத்தில், கடன் மதிப்பீட்டில் இருப்பவள். பேரேடு ஐயா சொன்ன வகைப் பிழையை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். பெரும்பாலானவை ஏமாற்றும் எண்ணத்தால் வருபவை அல்ல. ஆனால் அவற்றில் பெரும்பகுதி விகிதத்தை உயர்த்திக் காட்டும் திசையிலேயே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். விகிதத்தைக் குறைத்துக் காட்டும் பிழையை நீங்களே துருவித் தேடித் திருத்திவிடுகிறீர்கள். உயர்த்திக் காட்டும் பிழை வரும்போது மகிழ்ச்சியோடு அச்சிட்டுவிடுகிறீர்கள். எண் நன்றாக வந்த நாளில்தான் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும்.

எங்களிடம் வரும் கோப்புகளில் அடிக்கடி காணும் மற்றவை: ஒரு தாள் ரூபாயில், அடுத்தது லட்சத்தில், திட்டச் செலவுத் தாள் மட்டும் கோடியில். ஒவ்வொரு தாளின் தலையிலும் அலகைக் குறித்து, மாற்றத்தை ஒரே இடத்தில் செய்தால் இது தீரும். வங்கி அறிக்கையிலிருந்து ஒட்டிய எண்கள் எழுத்தாகவே தங்கிவிடுவதும் உண்டு. கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் அந்த எண்ணைக் கூட்டல் சூத்திரம் கண்டுகொள்ளாது, பிழைச் செய்தியும் வராது. ஏப்ரல் 3 என்று நினைத்து இட்ட 03/04 என்பதைக் கணினியின் மண்டல அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இது எந்த நிதியாண்டில் போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேய்மானத்திலும் குழப்பம் மிகுதி. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒரு தேய்மானம், வருமான வரிக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் இன்னொன்று என்று இரண்டு அட்டவணை வேண்டும். வாங்கிய ஆண்டில் எந்திரத்தை 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் வரிக் கணக்கில் பாதித் தேய்மானம்தான். டிசம்பரில் உற்பத்தி தொடங்கும் திட்டத்துக்கு முழு ஆண்டுத் தேய்மானம் போட்டு, முதலாண்டு வரியைக் குறைத்துக் காட்டிய கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மறைத்து வைத்த தாள்கள், வேறு கோப்புக்கு இணைப்பு, சூத்திரங்களை நீக்கி வெறும் மதிப்பாக ஒட்டியது ஆகிய மூன்றும் இருந்தால் நான் மேற்கொண்டு படிப்பதேயில்லை. கடுமையாகத் தோன்றலாம், அனுபவம் அப்படி.

பைத்தான்_பித்தன்

இத்தனை விதிகளை வகுத்து, இத்தனை நிறம் பூசி, கடைசியில் மனிதர் கையால் செருகும் ஒரு வரிசையில் எல்லாம் கவிழ்கிறது என்றால், கருவியையே மாற்றுவது முறையல்லவா? நிரலாக எழுதினால் கடன்களின் பட்டியலில் இரண்டாவது கடனைச் சேர்த்த கணமே கூட்டல் தானாக நடக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு இருக்கும். தானியங்கிச் சோதனை இருக்கும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றாளர்களை அன்றாடக் கணக்கில் விட்டதற்கு, 65,536 வரிசைக்கு மேல் தாங்காத பழைய எக்செல் கோப்பு வடிவம்தானே காரணம்?

அடிக்குறிப்பு

தரவுக் குவியலைக் கையாள விரிதாள் ஏற்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிகழ்வு அதற்குச் சரியான சான்று. ஆனால் கடன் திட்ட மாதிரி வேறு வகை. வங்கிமேசை அம்மையார் நிரலைப் படிக்கப் போவதில்லை. அவர் ஒரு கலத்தில் நின்று அதன் சூத்திரத்தைப் பின்தொடர்ந்து அனுமானம்வரை போக விரும்புகிறார். படிக்க முடியாத சரியான நிரலைவிட, படிக்க முடிந்த விரிதாளில் பிழை கண்டுபிடிக்கப்பட வாய்ப்பு அதிகம்.

கருவியை விடப் பெரிய கேள்வி, யார் பார்த்தார்கள் என்பது. ஜேபி மார்கன் வங்கி 2012இல் "லண்டன் திமிங்கிலம்" எனப்பட்ட வர்த்தக விவகாரத்தில் சுமார் 620 கோடி டாலர் இழந்தது. வங்கி பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த வர்த்தகத்தைச் செய்த பிரிவின் புதிய இடர் அளவீடு, ஒரு தாளிலிருந்து மற்றொரு தாளுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டப்பட்ட எக்செல் தாள்களில் ஓடியது. பழைய வீதத்துக்கும் புதிய வீதத்துக்குமான வேறுபாட்டை அவ்விரண்டின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்து தெரிந்தது. இழப்பு முழுவதற்கும் அந்தச் சூத்திரமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே தவறை நிரலிலும் செய்திருக்க முடியும். வகுத்தல் குறிக்குப் பக்கத்தில் எதை எழுதுகிறோம் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

அதே 2012 அக்டோபரில் பிரிட்டன் அரசு, மேற்குக் கடற்கரை முதன்மை ரயில் தடத்தின் ஒப்பந்த ஏலத்தையே ரத்துசெய்தது. ஏலதாரர்கள் எவ்வளவு உத்தரவாதத் தொகை வைக்க வேண்டும் என்று கணிக்கப் பயன்பட்ட மாதிரி, பணவீக்கம் கழித்த விலைகளில் விடை தந்தது. அதை அன்றைய விலை என்று கொண்டதால் தொகை குறைந்துபோனது. வேறொரு தேவைக்காகச் செய்த மாதிரியை அந்த இடத்தில் பயன்படுத்தியிருந்தார்கள். நொய்யல்கரை அவர்களின் சாயப்பட்டறைக் கோப்புக்கு அது தூரத்து உறவு. அதன்பின் 2013இல் அரசு மாதிரிகளின் தரச் சோதனை முறைகளை மதிப்பாய்வு செய்து, ஒவ்வொரு முக்கிய மாதிரிக்கும் பொறுப்பான மூத்த அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். உங்கள் அலுவலகத்தில் இருவர்தான் என்றாலும், செய்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் முகப்புத் தாளில் இருக்கட்டும்.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பாங்கோ, பிழைகள் பதித்த ஒரு விரிதாளை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, தனியாகப் பார்த்தவர்கள் சுமார் 60 சதவீதப் பிழைகளைத்தான் கண்டார்கள். மூவராகச் சேர்ந்தபோது 80 சதவீதத்துக்கு மேல். பேரேடு ஐயா "கவனமாகத்தான் இருந்தோம்" என்றது இதனால் உண்மையாகவே இருக்கலாம்.

சுழல்கணக்கு

யாரும் சுழல் குறிப்பைத் தொடவில்லையே. கேஷ் கிரெடிட் (நடைமுறை மூலதனக் கடன்) வட்டியைச் சராசரி நிலுவைக்குக் கணக்கிட்டால், வட்டி இறுதி நிலுவையைச் சார்ந்தும், இறுதி நிலுவை வட்டியைச் சார்ந்தும் நிற்கும். எக்செல் சுழற்சி என்று எச்சரிக்கும். உடனே பலர் மீண்டும் மீண்டும் கணக்கிடும் அமைப்பை இயக்கி அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த அமைப்பு, முதலில் திறந்த கோப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகையால் உங்கள் கணினியில் ஓடும் மாதிரி, வேறு கோப்பை முதலில் திறந்து வைத்திருக்கும் அதிகாரியின் கணினியில் எச்சரிக்கையோடு நிற்கும். அதைவிட மோசமானது, நீங்கள் அறியாமல் செய்த வேறொரு சுழற்சிக்கும் இனி எச்சரிக்கை வராது.

இயற்கணிதத்தால் இதை அவிழ்க்கலாம். தொடக்க நிலுவை 80 லட்சம், வட்டி சேர்க்கும் முன் இறுதி நிலுவை 120 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 200. வீதத்தால் பெருக்கினால் 20. இரண்டிலிருந்து வீதத்தைக் கழித்த 1.9ஆல் வகுத்தால் வட்டி 10.53 லட்சம். சரிபாருங்கள்: இறுதி நிலுவை 130.53, சராசரி 105.26, அதில் 10 சதவீதம் 10.53. வரியும் அதே ஆண்டில் வட்டியைச் சார்ந்து மாறுமானால் சமன்பாடு சற்று நீளும். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள் மாத மாதிரி அமைத்துத் தொடக்க நிலுவைக்கு வட்டி போடட்டும். வேறுபாடு அற்பமாகவே இருக்கும்.

மூன்றாம்_நிரல்

சுழல்கணக்கு சொன்னதை வழிமொழிகிறேன். நேரமில்லாதவர்களுக்கு ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால், கோப்பை அனுப்பும் முன் பத்து நிமிட முரட்டுச் சோதனையைச் சொல்வேன். விற்பனையைப் பூச்சியமாக்குங்கள், மூலப்பொருள், கடனாளிகள் நிலுவை, வரி எல்லாம் பூச்சியமாக வேண்டும், சம்பளமும் வட்டியும் நிற்க வேண்டும். பிறகு கடனை இரட்டிப்பாக்குங்கள். திட்டச் செலவு மாறாத நிலையில் நிதி ஆதாரமும் செலவும் பொருந்தவில்லை என்று மாதிரியே கூச்சலிட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கடனையும் தனித்தனியே பூச்சியமாக்கி டிஎஸ்சிஆர் நகர்கிறதா என்று பாருங்கள். பேரேடு ஐயாவின் இரண்டாவது கடனை எடுத்தபோது கட்ட வேண்டிய 3.08 கோடி அசையாமல் நின்றிருக்கும்; அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பேரேடு

அனைவருக்கும் நன்றி. சாம்பல் வரிசையையும் தவணை, வட்டி ஒப்பீட்டுக் கலங்களையும் எங்கள் வெற்று மாதிரியில் சேர்த்துவிட்டோம். நேற்று மாலை மூன்றாம்_நிரல் சொன்ன முரட்டுச் சோதனையை, இன்னும் வங்கி முடிவு வராத மூன்று கோப்புகளில் செய்து பார்த்தேன். இரண்டு தேறின.

மூன்றாவதில் விற்பனையைப் பூச்சியமாக்கியபோது வரி பூச்சியமாகவில்லை. எதிர்மறையாகி, பணமாக உள்ளே வந்தது. வரிச் சூத்திரம் நட்டத்தையும் 25.168 சதவீதத்தால் பெருக்கிக்கொண்டிருந்தது. உண்மைக் கணிப்பில் அந்த அலகுக்கு முதலாண்டில் 46 லட்சம் நட்டம், அதனால் 11.58 லட்சம் வரி திரும்பக் கிடைத்ததாகக் காட்டி, முதலாண்டு டிஎஸ்சிஆரை அது தாங்கிப் பிடித்திருந்தது. நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று அங்கே கழிக்கும்படி மாற்றி எழுதியிருக்கிறேன். வங்கிமேசை அம்மையார் சொன்னபடியே, இதுவும் நமக்குச் சாதகமான திசையில் இருந்த பிழைதான். மூன்று மாதமாக யாரும் தேடவில்லை. திருத்திய கோப்பை உதவியாளர் இப்போது முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முடித்ததும் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நாளைக் காலை வங்கிக்கு அனுப்புகிறேன்.